அவருடைய உடையைச் சோதிக்கும் வேலையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?

டைம்லைன் முழுக்க அந்த சூப்பர் மார்க்கெட் வீடியோதான். பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டீர்கள், பார்க்காதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். பில் போடும் வரிசையில் அமெரிக்க ராணுவச் சீருடையில் நின்ற இளைஞரை மறித்து, "நீ போலி" என்று கத்தி, கடைசியில் அவர் வாங்கிய பொருளை வைத்துவிட்டு வெளியேறுகிற வரை பின்னாலேயே போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே நம் ஆட்கள் தமிழில் கைதட்டுகிறார்கள். "சூப்பர், இப்படித்தான் தோலுரிக்கணும்." வயிறு எரிகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் உண்மையான ராணுவத்தினரா இல்லையா என்பதைத் தெருவில் நின்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. விதி தெரிந்தவர்களாலேயே முடியாது. அந்த வீடியோவில் "ஆதாரம்" என்று அடுக்கியதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

"கொடி இடவலம் மாறி இருக்கிறது, போலி மாட்டிக்கொண்டான்" என்கிறார் படம் பிடித்தவர். அமெரிக்க ராணுவத்தினர் அன்றாடப் பணியில் அணியும் போர்ச்சீருடையில் கொடி வலது தோளில் இருக்கும். நட்சத்திரப் பகுதி முன்பக்கம் பார்க்க வேண்டும் என்பது விதி. வீரர் முன்னேறிப் போகும்போது கொடி பின்னோக்கிப் பறக்கிற தோற்றம் வர வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இடவலம் மாறித்தான் தெரியும். சரியாக அணிந்ததைத்தான் தப்பு என்று கத்தியிருக்கிறார்.

அடுத்தது, "இரண்டு தோளிலும் வேறு வேறு பேட்ச்." இடது தோளில் இருப்பது இப்போது பணியாற்றும் பிரிவின் சின்னம். வலது தோளில் கொடிக்குக் கீழே இருப்பது, போர்ப்பகுதியில் பணியாற்றியபோது அவர் இருந்த பிரிவின் சின்னம். இடையில் மாற்றல் ஆகியிருந்தால் இரண்டும் வேறாகத்தான் இருக்கும். அந்த வலது தோள் பேட்ச் சும்மா வருவதில்லை. போர்ப்பகுதிக்குப் போய் வந்தவர்களுக்கு மட்டும் உரியது அது. அதைக் காட்டித்தான் அவரை அசிங்கப்படுத்தியிருக்கிறார்கள்.

"பூட்ஸில் பாலிஷ் இல்லை." அந்தப் பழுப்பு பூட்ஸின் தோல் சொரசொரப்பான உட்பக்கம் வெளியே தெரியும்படி தைக்கப்பட்டது. அதற்குப் பாலிஷே கிடையாது. "சட்டை கசங்கியிருக்கிறது." அந்தச் சீருடைக்குக் கஞ்சி போடக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. துவைத்து உலர்த்தி அப்படியே போடுவதற்கென்று செய்த துணி அது. "பெரே தொப்பி எங்கே?" போர்ச்சீருடைக்கு வழக்கமான தொப்பியாக இருந்த பெரேவை 2011 ஜூனிலேயே எடுத்துவிட்டு, முன்விளிம்புள்ள துணித் தொப்பியான பேட்ரோல் கேப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். தவிர, கட்டடத்துக்குள் வந்தால் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும். சட்டைக் கையை மடித்திருந்தது கூடக் குற்றமாம். 2016 முதல் அதற்கும் அனுமதி உண்டு.

எல்லாவற்றையும் விட என்னைக் கோபப்படுத்தியது, "ஞாயிற்றுக்கிழமை எவனுக்குடா ட்யூட்டி?" என்ற கேள்விதான். நேஷனல் கார்டு, ஆர்மி ரிசர்வ் என்று பகுதிநேரப் படைகள் இருப்பது தெரியுமா இவர்களுக்கு? மாதத்தில் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி என்பதுதான் அவர்களின் வழக்கமான கணக்கு. ஆசிரியர், மெக்கானிக், கல்லூரி மாணவர் என்று மற்ற நாட்களில் வேறு வேலையில் இருப்பார்கள். வார இறுதிப் பயிற்சி முடிவதே ஞாயிற்றுக்கிழமை மாலைதான். அங்கிருந்து வீடு பல மணி நேரப் பயணமாக இருக்கலாம். மறுநாள் காலை வழக்கமான வேலை. வழியில் கடையில் நிற்கும்போது சீருடையில்தான் நிற்பார். சொல்லப்போனால், சீருடையில் ஒருவரைக் கடையில் பார்க்க மிகவும் வாய்ப்புள்ள நேரமே அதுதான்.

"ட்யூட்டி முடிந்ததும் மஃப்டிக்கு மாறிவிட வேண்டியதுதானே?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பாதி ஒத்துக்கொள்கிறேன். ஊர் சுற்றுவதற்கும் விருந்துக்கும் போர்ச்சீருடையைப் போட்டுக்கொண்டு போவது எனக்கும் பிடிக்காது. விதியும் அதை விடாது. ஏ.ஆர். 670-1 என்ற அவர்களது உடை விதிநூலின்படி, மது விற்பதே முதன்மைத் தொழிலாக உள்ள இடத்துக்குப் போர்ச்சீருடையில் போகக் கூடாது. சாப்பாடும் மதுவும் சேர்ந்து கிடைக்கும் இடமென்றால், குடிப்பதற்காகவே அங்கே உட்காரக் கூடாது. கட்சிக் கூட்டத்துக்குச் சீருடையில் போவது தடை. பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நிற்பதற்குக்கூடக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போகிற, வருகிற வழியில் கடைக்குப் போவது, குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது போன்ற சொந்த வேலைகளுக்கு, தளபதி தனியாகத் தடை போடாத வரை இடம் உண்டு. அந்தத் தடை இருக்கிறதா இல்லையா என்பது அவருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் இடையிலான விஷயம். மீறினால் அவரைக் கேட்க அங்கே ஆள் இருக்கிறார்கள். போன் வைத்திருப்பவர் கேட்க வேண்டியதில்லை.

ஜெர்மனியில் 2020 ஜனவரி முதல் ராணுவத்தினர் சீருடையில் ரயிலேறினால் பயணம் இலவசம். சொந்தப் பயணத்துக்கும்தான். மக்கள் கண்ணில் படட்டும் என்று அரசே சேர்ந்து செய்த ஏற்பாடு அது. அங்கே லீவில் வீட்டுக்குப் போகும் வீரரைப் பார்த்து "ஏன் இன்னும் கழற்றவில்லை, ஷோ காட்டுகிறாயா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

"அப்போ போலிகளே இல்லையா?" இருக்கிறார்கள். வாங்காத பதக்கத்தைப் போட்டுக்கொண்டு தள்ளுபடியும் நன்கொடையும் வாங்குகிறவர்களை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பதக்கம் வாங்கியதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கிய 2005 சட்டத்தை, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2013இல் வந்த புதிய சட்டத்தின்படி, பணமோ பொருளோ வேறு ஆதாயமோ பெறுவதற்காக, குறிப்பிட்ட பதக்கங்களைப் பெற்றதாக ஏமாற்றினால்தான் குற்றம். உரிமையில்லாமல் சீருடை அணிவதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இந்தியாவிலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவு, தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடையை அணிவதைத்தான் தண்டிக்கிறது. நோக்கத்தை விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பேட்ச்சை ஜூம் பண்ணினால் நோக்கம் தெரியாது. உண்மையிலேயே சந்தேகம் வந்தால் போலீஸுக்குச் சொல்லுங்கள், அதோடு நம் வேலை முடிந்தது.

"ஐ.டி. கார்டைக் காட்டியிருக்கலாமே, ஏன் ஓடினார்?" என்று கேட்கிறவர்களுக்கு: அவர் ஓடவில்லை, நடந்து போனார். ராணுவ அடையாள அட்டையை அனுமதியில்லாமல் படமெடுப்பதும் நகலெடுப்பதும் அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது "காட்டு, காட்டு" என்றால் அவர் எப்படிக் காட்டுவார்? பதிலுக்குக் கத்தினாலோ கையை ஓங்கினாலோ, ஊர்ப் போலீஸோடு போகாது. சீருடையில் தகராறு செய்ததற்காக ராணுவச் சட்டத்தின்படியும் அவர்மேல் நடவடிக்கை வரலாம், பதவி உயர்வே போகலாம். வாயை மூடிக்கொண்டு வெளியேறுவதுதான் அந்த நேரத்தில் ஒழுங்கான வீரர் செய்யக்கூடியது. அதையே "பார், குற்றவாளி மாதிரி போகிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்திருந்தால் அவரை நம்பியிருப்பீர்கள்?

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. யாரும் பேசவில்லை. வீடியோவில் அவர் முகம் தெரிகிறது. வலது மார்பில் குடும்பப் பெயர் தெரிகிறது. தோளில் பிரிவு தெரிகிறது. கடை வாசலில் ஊர்ப் பெயர் தெரிகிறது. இந்த நான்கையும் சேர்த்தால் அவருடைய வீட்டைத் தேடிப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 2013 மே மாதம் லண்டன் வூலிச்சில் ட்யூட்டியில் இல்லாத ஒரு பிரிட்டிஷ் வீரரைப் பாசறைக்குப் பக்கத்திலேயே கொன்றார்கள். அவர் சீருடையில்கூட இல்லை, ராணுவத்தினருக்கான ஒரு தொண்டு அமைப்பின் மேலாடைதான் போட்டிருந்தார். 2014 அக்டோபரில் கனடாவில் மூன்று நாளுக்குள் இரண்டு வீரர்கள் கொல்லப்பட்ட பிறகு, ட்யூட்டி இல்லாத நேரத்தில் வெளியிடங்களில் சீருடையைத் தவிர்க்கச் சொல்லி அங்கே உத்தரவு வந்தது. 2008இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் விமானப்படையினருக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே காரணம் குண்டோ கத்தியோ இல்லை, ஊர்க்காரர்களின் வசவு. இப்படித்தான் ஒரு ஊரின் தெருவிலிருந்து சீருடை காணாமல் போகிறது. போன பிறகு "நம் வீரர்கள் கண்ணிலேயே படுவதில்லை" என்று அடுத்த பதிவு போடுவீர்கள்.

போலியைப் பிடிக்கிறோம் என்று கிளம்பி, உண்மையானவராக இருக்கக்கூடிய ஒருவரை அவருடைய ஊரிலேயே தலைகுனிய வைத்திருக்கிறார்கள். அவர் உண்மையானவர்தான் என்று எனக்கும் உறுதியாகத் தெரியாது. யாராலும் அந்த வீடியோவை வைத்துச் சொல்ல முடியாது என்றுதானே இவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஆனால் அவர்மேல் சொன்ன குற்றம் ஒவ்வொன்றும் தப்பு என்பது உறுதியாகத் தெரியும்.

என் நட்புப் பட்டியலிலேயே பலர் இதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். விவாதிக்க வேண்டும் என்றால் எழுத்தில் விவாதியுங்கள், வீடியோ வேண்டாம். வீடியோவைப் போட்டே தீருவேன் என்றால் முகம், மார்பில் உள்ள பெயர்ப்பட்டை, இரண்டு தோள் பேட்ச், கடையின் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். ஆடியோவையும் அணைத்துவிடுங்கள், இரண்டு இடத்தில் அவருடைய பெயரைச் சத்தமாகப் படிக்கிறார்கள்.