ஷகால் பைபிள் பிரிண்ட் வாங்குறவங்களுக்கு
பிரிண்ட்னா, அதாவது அச்சடிச்ச ஓவியம்னா, கையெழுத்து இருந்தாத்தான் வாங்கணும்னு உங்க கட்டுரைல சொல்லியிருக்கீங்க, ஆனா ஓவியர் மார்க் ஷகாலோட பைபிள் படங்களுக்கு அதை அப்படியே நம்பிப் போனா ஏமாந்துருவாங்க. 1956ல வெர்வ்ங்கிற பிரெஞ்சு கலைப் பத்திரிகைக்குள்ளயே வந்த, பாரிஸ் முர்லோ அச்சகத்துல அடிச்ச கலர் லித்தோகிராஃப்ல (கல்லச்சுப் படம்) கையெழுத்தும் கிடையாது நம்பரும் கிடையாது, அதுல யாராவது பென்சில் கையெழுத்து காட்டுனா உஷாராயிடுங்க, பல தாள்ல பின்பக்கம் திருப்பினா கறுப்பு வெள்ளைல இன்னொரு படம் அச்சாகியிருக்கும், அது பத்திரிகைத் தாள்ங்கிறதுக்கு நல்ல அடையாளம். எட்சிங் (உலோகத் தகட்டுல அமிலத்தால கோடு அரிச்சு அடிக்கிற படம்) வேற கதை, பாரிஸ் ஓவிய வியாபாரி வொல்லார் கேட்டு ஷகால் ஆரம்பிச்ச 105 தகடு, 1931ல பாலஸ்தீனம் வரைக்கும் போய் பார்த்துட்டு வந்து செஞ்சது, என்னைக் கேட்டா ஷகாலோட வேலைலயே உசத்தி அதுதான். தகடு அழுந்துன விளிம்பு காகிதத்துல பள்ளமா தெரியும், ஃப்ரேமைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா வாங்காதீங்க.