'திருவாசகம்' இளையராஜாவின் முதல் ஆல்பமா?

சினிமாவுக்கு வெளியே இளையராஜா போட்ட முதல் ஆல்பம் 2005-இல் லண்டன் இசைக்குழுவோடு செய்த 'திருவாசகம்' என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1986-லேயே 'ஹவ் டு நேம் இட்' வந்துவிட்டது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் (Bach) காணிக்கையாக்கிய இசை. அதில் ஓரிடத்தில் பாக்கின் வயலின் இசை தன்பாட்டுக்கு ஓட, அதன்மேல் நம்மூர் வயலின் குழைந்து ஏறும். பிரதான வயலின் வி.எஸ்.நரசிம்மன். முதல்முறை கேட்டால் யாருக்கும் கொஞ்சம் தலைசுற்றும்! 1988-இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. அப்புறம்தான் 'திருவாசகம்', அதற்கு வாசித்ததும் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. மாணிக்கவாசகர் நம்ம மேலூர்ப் பக்கம் திருவாதவூர்க்காரர் என்று போட்டிருக்கிறார்களே, அது மட்டும் சரி.