சூரியன் அருகில் இருந்தும் தெற்கில் கோடை ஏன் மிதம்?

"ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகில் வருகிறது, அதனால் தென் அரைக்கோளத்தின் கோடைதான் அதிக வெப்பம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். முதல் பாதி சரி, முடிவு தவறு.

ஜனவரி தொடக்கத்தில் தூரம் சுமார் 14.71 கோடி கி.மீ., ஜூலை தொடக்கத்தில் 15.21 கோடி. இதனால் ஜனவரியில் சூரிய ஒளி ஏறக்குறைய 7% கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் தென் அரைக்கோளத்தில் 81% கடல்; வடக்கில் 61% மட்டுமே. நிலத்தில் மேல் சில மீட்டர்தான் சூடாகும், அதுவும் சீக்கிரமே. கடலிலோ அலையும் காற்றும் கலக்கிவிடுவதால் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு வெப்பம் பரவிவிடும். மேற்பரப்பு அதிகம் சூடேறாது. கூடுதல் 7% அங்கேதான் கரைகிறது.

நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில், தெற்கில் ஒன்றும் வடக்கில் ஒன்றுமாக இரண்டு ஊர்களை எடுத்துப் பாருங்கள். அர்ஜென்டினாவின் உஷுவாயா (தெற்கு 55 டிகிரி) ஜனவரி சராசரி சுமார் 10 டிகிரி செல்சியஸ். டென்மார்க்கின் கோபன்ஹேகன் (வடக்கு 56) ஜூலையில் 18 அளவில். மொத்தப் பூமியின் சராசரி வெப்பமும், சூரியன் தொலைவில் இருக்கும் ஜூலையில்தான் உச்சம்!

ஆஸ்திரேலிய உள்நாடு விதிவிலக்கு: ஊத்னதத்தாவில் 1960 ஜனவரியில் 50.7 டிகிரி பதிவானது. அதற்கும் காரணம் பரந்த வறண்ட நிலம், சூரியனின் தூரம் அல்ல.