பெருந்தொற்றுக்கு முன்பே தொடங்கிய மாற்றம்

கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2020-இல்தான் வீடியோ கேம் நிறுவனங்கள் புதிய கேம்களை அறிவிக்கும் மேடை நிகழ்ச்சிகளைக் கைவிட்டு, முன்னரே பதிவுசெய்த இணையக் காணொளிகளுக்கு மாறின என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்துள்ளனர். அன்புகூர்ந்து திருத்திக்கொள்ளவும்: இந்த மாற்றம் அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. நின்டெண்டோ தனது 'நின்டெண்டோ டைரக்ட்' காணொளிகளை 2011 அக்டோபரிலேயே ஆரம்பித்து, 2013 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இ3 (E3) என்ற பெரிய வீடியோ கேம் கண்காட்சியில் வழக்கமான பெரிய மேடை நிகழ்ச்சியைத் தவிர்த்துக் காணொளியையே வெளியிட்டது. 2015-இன் இ3 காணொளியில் அதன் அப்போதைய தலைவர் சதோரு இவாட்டா கைப்பொம்மை வடிவில் தோன்றினார் (மேடையில் அதைச் செய்வது எளிதன்று). சோனியும் 2019 மார்ச்சில் 'ஸ்டேட் ஆஃப் ப்ளே' காணொளிகளைத் தொடங்கி, அவ்வாண்டு இ3-இல் பங்கேற்கவே இல்லை. பெருந்தொற்று 2020-இன் இ3-ஐ ரத்து செய்யவைத்து இப்போக்கை விரைவுபடுத்தியது உண்மையே. ஆனால் தொடக்கம் அதுவன்று.

என் சொல்லை நம்ப வேண்டியதில்லை. இந்நிறுவனங்களின் அதிகாரபூர்வ யூடியூப் பக்கங்களில் அக்காணொளிகளைத் தேடி, விவரப் பகுதியைத் திறந்தால், பதிவேற்றிய தேதி அங்கேயே இருக்கும்.