ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே ரகமா?
"ராணுவத்தில் வளர்ந்தவர் ஆட்சிக்கு வந்தால் ராணுவத்துக்காகவே ஆள்வார், நாற்காலியை விடமாட்டார்" என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரான்சில் ராணுவத் தளபதியாக இருந்து அதிபரான சார்ல் து கோல் என்ன செய்தார்? 1958 மே மாதம், அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில் பிரெஞ்சு ராணுவம் கிளர்ந்தெழுந்த நெருக்கடியில்தான் அவர் ஆட்சிக்குத் திரும்பினார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அல்ஜீரியாவுக்குச் சுயநிர்ணய உரிமை என்று அவர் முடிவெடுத்ததும், 1961 ஏப்ரலில் ஓய்வுபெற்ற தளபதிகள் நான்கு பேர் அவருக்கு எதிராகவே அங்கே கலகம் செய்தார்கள். பழைய ராணுவச் சீருடையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் தோன்றி, கலகக்காரர்களின் உத்தரவுக்கு யாரும் கீழ்ப்படியக் கூடாது என்றார் து கோல். கட்டாயச் சேவையில் இருந்த இளம் சிப்பாய்கள் கையடக்க டிரான்சிஸ்டரில் அதைக் கேட்டார்கள், தளபதிகள் பக்கம் போகவில்லை. சில நாட்களில் கலகம் அடங்கியது, 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஒரு சிவில் அரசியல்வாதி பேசியிருந்தால் அந்தச் சிப்பாய்கள் கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். சரி, நாற்காலி? 1969இல் நாடாளுமன்ற மேலவைச் சீர்திருத்தம் பற்றிய மக்கள் வாக்கெடுப்பில் தோற்றதும் மறுநாளே விலகிவிட்டார். அப்புறம், ராணுவ ஒழுக்கம் இருந்தால் நிர்வாகம் தானாகச் சுத்தமாகும் என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். அதுவும் சரியில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரை வென்ற யுலிசிஸ் கிராண்ட் நேர்மையானவர், ஆனாலும் அவர் அதிபராக இருந்தபோது 1875இல் வெளிவந்த விஸ்கி வரி மோசடி அவருடைய சொந்தச் செயலாளர் வரைக்கும் போனது.