சிம்பன்சிக்குச் சுபாவம் இல்லை என்றவருக்கு

நேற்றைய கலந்துரையாடலில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் மறுபடி விவரிக்கவில்லை. காட்டுச் சிம்பன்சிகள் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுபாவம் உண்டு என்று நான் சொல்லத் தொடங்கியதுமே, அதெல்லாம் மனிதர்கள் ஏற்றிச் சொல்லும் கற்பனை என்று அவர் முடித்துவைத்ததும், அவையினர் சிரித்ததும் இன்னும் மனத்தை அறுக்கின்றன.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சூழல் மாறியும், கூட்டத்தில் இருப்பவர்கள் மாறியும், ஒரு சிம்பன்சி ஆண்டுக்கணக்கில் ஏறத்தாழ ஒரே விதமாகவே மற்றவர்களோடு பழகுகிறது என்றால் அதற்குப் பெயர் சுபாவம். ஐவரி கோஸ்டின் டாய் காட்டில் 20 ஆண்டுகளுக்கு மேல் திரட்டிய பதிவுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வு காட்டியதும் இதைத்தான்.

பதவிதான் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்பார்கள். அப்படியானால் தான்சானியாவின் கோம்பே காட்டில் ஒரு சிம்பன்சிக் கூட்டத்துக்கு அடுத்தடுத்துத் தலைமை வகித்த வில்கி, ஃபிராய்ட், ஃப்ரோடோ மூவரும் ஒன்றுபோல் நடந்திருக்க வேண்டும். சிறிய உடல்கொண்ட வில்கி மற்றவர்களுக்கு நிறையவே மயிர் கோதிவிட்டான். ஃப்ரோடோவோ கோதிவிடச் சொல்லித் தன் உடலைக் கொடுத்தானே தவிர, திருப்பிச் செய்தது மிகக் குறைவு. இத்தனைக்கும் ஃபிராய்டும் ஃப்ரோடோவும் ஃபிஃபியின் வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள். உடல் பலம்தான் காரணம் என்றால் ஓரளவு ஏற்கிறேன். ஆனால் ஃப்ரோடோ பலசாலியாக வளர்வதற்கு வெகுமுன்பே, சிறுவனாக இருக்கும்போதே, கல்லெறிந்து மிரட்டியவன். சுபாவம் வேண்டாம் என்றால் அதற்கு வேறென்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள்?

மாணவப் பருவத்தில் களத்தில் எடுத்த படக்காட்சிகளைப் பார்த்துக் குறிப்பெழுதிய காலம் நினைவுக்கு வருகிறது. ஒருத்தி கட்டைவிரலால் மயிரை விலக்கி, உதட்டைச் சப்புக்கொட்டியபடி, பக்கத்தில் இருப்பவளின் தோளைத் துழாவிக்கொண்டே இருப்பாள். இன்னொருத்தி எந்தக் காட்சியிலும் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டியபடிதான் உட்கார்ந்திருப்பாள். "ஒதுங்கும் சுபாவம்" என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கதை எழுதாதே என்றார் என் ஆசிரியர். எண்ணிக்காட்டினால்தான் அறிவியல் என்றார்கள். இப்போது எண்ணிக்காட்டிய பிறகும் கற்பனை என்கிறார்கள்.

என்னைப் பார்த்துச் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கோம்பேயின் தான்சானியக் களப்பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு சிம்பன்சியாகப் பின்தொடர்ந்து எழுதிவைத்தவர்கள். 2017இல் வெளியான ஆய்வுக்காக 128 சிம்பன்சிகளின் குணங்களை மதிப்பிட்டவர்கள் அவர்கள்தாம். ஒருவர் மதிப்பீடும் மற்றவர் மதிப்பீடும் ஏற்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின, 1973இல் வேறொரு வினாத்தாளைக் கொண்டு எடுத்த மதிப்பீடுகளோடும் பொருந்தின. அவர்கள் கண்ணால் கண்டதைக் கற்பனை என்று தள்ள உங்களுக்கு என்ன உரிமை என்று நேற்றே கேட்டிருப்பேன். அதற்குள் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள்.