வாய்க்கால் எங்கே என்று கேட்டால் பொறாமையா?

எங்கள் ஊர் அக்டோபர் 2 கிராம சபைக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பெரியவர் எழுந்து, "புது மனைப்பிரிவுக்குள் போன ஏரி வரத்து வாய்க்கால் எங்கே?" என்று கேட்கிறார். "இந்தக் காலத்தில் எவன் ஐயா நாற்று நடுகிறான்?" என்று மேடையிலிருந்து பதில். சிரிப்பு, கைதட்டல். அது மனை விற்பவர்கள் கூட்டிவந்த கூட்டம், போகட்டும். அதைப் பற்றிய என் பதிவின் கீழே வந்து "பொறாமை", "வளர்ச்சிக்கு எதிரி" என்றெல்லாம் எழுதினீர்களே, உங்களை யார் கூட்டிவந்தது?

திரும்பவும் சொல்கிறேன். வீடு கட்டாதே என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. வாய்க்கால் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். ஆறடி அகல வாய்க்காலில் கிராவல் கொட்டிச் சாலை போட்டு, அடியில் ஓரடிக் குழாய் ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள். அதன் வாயையும் சிமெண்ட் சாக்கு ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசி வெள்ளம் குழாயிடம் அனுமதி கேட்டு வரிசையில் நிற்குமா? காலனித் தெருவுக்குள்தான் புகும்.

"டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இருக்கிறதே" என்கிறார் ஒரு நண்பர். இருக்கட்டும், நல்லதுதான். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போடும்வரை வயலில் கல் நட்டு விற்றார்கள். 2017-இல் அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்ததும் கட்டணம் கட்டி அலைந்தது வாங்கிய பாவிகள்தான். ஆகவே அனுமதி கட்டாயம் வேண்டும். ஆனால் வரைபடத்தில் இருக்கும் வாய்க்கால் தரையில் இல்லை என்றால் கேட்கக் கூடாதா? பூங்காவுக்கென்று பஞ்சாயத்துக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடத்தில் விற்பனைக் கொட்டகை நிற்கிறது. அதையும் கேட்கக் கூடாதா?

"உங்கள் பெரியப்பாவே அங்கே நிலம் விற்றவர்தானே?" என்று ஒருவர் துப்புத் துலக்கியிருக்கிறார். ஆமாம், விற்றார். பெரியம்மாவின் மருத்துவச் செலவுக்கு விற்றார். ஏக்கர் கணக்கில் வாங்கினார்கள், சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. காணொளியைக் காட்டியபோது மட்டும் வாய் திறந்தார். "நான் விற்றது என் நிலத்தை. வாய்க்கால் புறம்போக்கு. அதை நான் எப்படி விற்க முடியும்?" படிக்காத மனிதர். பட்டதாரிகளான உங்களுக்கு இது விளங்கவில்லை.

"வீடில்லாதவர்கள் எங்கே போவார்கள்?" இதைக் கேட்டவரிடம்தான் எனக்கு உண்மையிலேயே கோபம். எங்கள் காலனியில் ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள். இந்த மனைகளில் ஒன்றின் முன்பணத்தையாவது அவர்களால் புரட்ட முடியுமா? முன்பு போட்ட மனைப்பிரிவில் இன்றுவரை குடியிருப்பது பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான். மகள் கல்யாணத்துக்குள் விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் அதை ஏழைக்கு வீடு என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

"சென்னையில் உட்கார்ந்துகொண்டு பேசாதே" என்றும் ஒரு அறிவுரை. வாங்கிப் போட்ட மனையில் வருடத்துக்கு ஒரு முறை முள் வெட்டக் காரில் வருகிறவர் ஊர்க்காரர். அங்கேயே பிறந்து, இன்னும் அங்கேயே ஓட்டுப் போடுகிற நான் வெளியாள். நல்ல கணக்கு! அந்தப் பெரியவர் யார் தெரியுமா? எந்த வயலுக்கு எந்த இரவு முறைத் தண்ணீர் என்று நோட்டுப் பார்க்காமல் சொல்லி மடை திறந்துவிட்டவர். அவருடைய முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறார்கள். அதற்கு இதயக் குறி போட்டவர்களில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். பார்த்துவிட்டேன்.

நவம்பர் 1 கிராம சபைக்கு, வாய்க்காலை அளந்து மீட்கக் கோரும் தீர்மானத்தை எழுதியாயிற்று. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் எல்லோரும் வாருங்கள். கிராம சபைக்கு அவர்கள்தான் உறுப்பினர்கள். மேடையில் நின்று நாற்றைப் பற்றிக் கேட்ட அந்த மனிதருக்கு எங்கள் ஊரில் ஓட்டே கிடையாது.